கோழி என்ன சொல்லுது? வளவுக் கோழிகளின் சத்தங்களைப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஊர்க்கோழி வளர்ப்பவர்கள் பகல் முழுக்கக் கோழிக்குப் பின்னால் திரிவதில்லை. விடியக் கூட்டைத் திறந்துவிட்டால் அது வேலியோரம், வாழைப்பாத்தி, பின்வளவுப் பனையடி, பக்கத்து வீடு என்று போய்விடும். நாங்கள் குசினியில் இருப்போம், கிணற்றடியில் இருப்போம், இல்லாவிட்டால் வேலைக்குப் போயிருப்போம். பொழுதுபட அது திரும்பி வரும்வரை அதைப் பற்றிய செய்தி எல்லாம் காது வழியாகத்தான் வருகிறது. கீரி வந்தது, பேடு முட்டை இட்டது, குஞ்சொன்று வாய்க்காலுக்குள் மாட்டிக்கொண்டது, இரவில் ஒன்றுக்கு மூச்சு இழுக்கிறது: எதையும் கோழி முதலில் சத்தத்தால்தான் தெரியப்படுத்துகிறது.

கோழிச் சத்தங்களை ஆராய்ந்தவர்கள் இருபதுக்கு மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். அத்தனையும் உங்களுக்குத் தேவையில்லை. நாலைந்து கோழியும் ஒரு சேவலும் நிற்கிற வீட்டில் உண்மையில் பயன்படுகிறவற்றை, பழக வேண்டிய ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். அந்த ஒழுங்கு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். பலரும் ஆபத்துச் சத்தத்தில் இருந்துதான் தொடங்கப் பார்க்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்லுவேன்.

முதலாவது: ஒன்றும் நடக்காத நேரத்தைக் கேளுங்கள்

நிழலில் கிளறிக்கொண்டு நிற்கிற கோழிக்கூட்டம் ஒருபோதும் முழு அமைதியாக இருப்பதில்லை. தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று “க்ர்ர்… கொ…” என்று இழுக்கும், கொஞ்சம் தள்ளி நிற்பது அதேபோல ஒன்றைத் திருப்பிச் சொல்லும். வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. பற்றைக்குள் ஒன்றையொன்று காணமுடியாத இடத்தில் மேய்கிற பறவைக்கு, கூட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமானால் குரல்தான் கயிறு. (வன்னிக் காட்டில் திரிகிற, எங்கள் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழி அதற்கு உறவானது, ஆனால் வேறு இனம். அதன் கூவல் நம் வீட்டுச் சேவலுடையதைவிடக் கட்டையானது.)

இந்த முணுமுணுப்பு உங்கள் காதில் நன்றாக ஏறவேண்டும். மற்ற எல்லாச் சத்தங்களையும் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பிடப்போகிறீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதன் அளவு வேறு. சில பேடுகள் இயல்பாகவே வாயாடிகள், சில நாள்முழுக்க வாய் திறக்காதவை. அடுத்த வீட்டுக் கோழியை வைத்து உங்கள் கோழியைக் கணிக்க முடியாது.

கேட்பதற்கு மூன்று நேரங்களை எடுங்கள். ஒன்று, விடியக் கூடு திறக்கமுன். இரண்டாவது, காலைத் தீன் முடிந்து, வெயில் ஏறி, மாமர நிழலில் மண் குளிக்கிற நேரம். மூன்றாவது, பொழுதுபட்டுக் கூட்டுக்குள் ஏறுகிற நேரம். ஒவ்வொரு முறையும் ஒரு பத்து நிமிடம் கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருங்கள். கையில் குறுணலோ தவிட்டுப் பாத்திரமோ இருக்கக்கூடாது. தீனைக் கண்டால் கோழி பேசுவது உங்களோடு, தங்களுக்குள் அல்ல. ஒரு கிழமை இப்படி இருந்தால் போதும், குசினிக்குள் நின்றே “இப்ப சரியாத்தான் நிக்குதுகள்” என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

கைத்தொலைபேசியில் பதிவுசெய்து வைப்பது மிக நல்ல பழக்கம். கோழி நோய்ப்பட்ட நாளில் கால்நடை வைத்தியருக்கு “ஒரு மாதிரிச் சத்தம் வருது” என்று சொல்வதைவிட, சுகமாக இருந்தபோதைய பதிவையும் இப்போதைய பதிவையும் போட்டுக் காட்டுவது பெரிய உதவி. சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று இரைச்சல் பதிவைக் கெடுத்துவிடும். தொலைபேசியைக் காற்றுக்கு மறைவாக, கூட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

அந்த முணுமுணுப்பு சட்டென நின்றால் அதுவும் ஒரு செய்தி. ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒரே கணத்தில் அறுந்துபோனால், எந்தக் கத்தலும் கேட்காவிட்டாலும் எழும்பிப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது: சத்தத்தோடு கழுத்தையும் கண்ணையும் பாருங்கள்

கோழிக்கு நம்மைப்போல மிடற்றில் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற அடியிடத்தில் உள்ள உறுப்பில் இருந்துதான் குரல் எழுகிறது. அதனால் சொண்டை மூடிக்கொண்டே அது பல சத்தங்களைப் போடும். எந்தக் கோழி கத்துகிறது என்று சொண்டைப் பார்த்துத் தேடினால் பிடிபடாது. கழுத்தைப் பாருங்கள்.

கழுத்து நிமிர்ந்து நீண்டிருந்தால் அது எதையோ உற்றுக் கவனிக்கிறது. தலையைச் சரித்து ஒரு கண்ணை வானத்துக்குக் காட்டினால் மேலே ஏதோ இருக்கிறது. கோழிக்குக் கண் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் மேலே பார்க்க அது தலையைச் சரித்தே ஆகவேண்டும், எனவே இந்த அடையாளம் பொய்க்காது. இறகு முழுவதும் சிலிர்த்து உடல் பெருத்துத் தெரிந்தால் அடைக்கோழியின் கோபம், அல்லது இரண்டு சேவல்களின் சண்டைக்கு முன்னோட்டம். இறகு சிலிர்த்தபடி கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால் நோய். இரண்டிலும் இறகு சிலிர்க்கும். வேறுபாட்டைக் கண் சொல்லிவிடும்.

மூன்றாவது: மேலே இருந்து வரும் ஆபத்தும் கீழே இருந்து வரும் ஆபத்தும்

இதுதான் வளவில் உயிரைக் காக்கிற அறிவு. ஆறுதலாகப் படியுங்கள்.

கோழிக்கு ஆபத்துச் சத்தம் ஒன்றல்ல, அடிப்படையில் இரண்டு. பிராந்தோ வைரியோ மேலே வட்டமிட்டால் சேவல் மெல்லிய, இழுபட்ட, கூரான ஒரு குரலைக் கொடுக்கும். சீழ்க்கை போன்று “ஈஈர்ர்” என்று வரும், சத்தம் பெரிதல்ல. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் கடினம். அந்தக் குரலின் பலனே அதுதான்: கூட்டத்துக்குச் சொல்லவேண்டும், ஆனால் தான் நிற்கும் இடத்தைப் பருந்துக்குக் காட்டக்கூடாது. அந்தக் குரல் கேட்டதும் பேடுகள் பற்றைக்குள்ளும் குந்துக்கு அடியிலும் ஓடும், இல்லையேல் நின்ற இடத்தில் பதுங்கி உறையும். குஞ்சுகள் தாயின் இறகுக்குள் மறையும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது.

கீரி, நாய், பூனை, உடும்பு, சாரைப்பாம்பு என்று நிலத்தில் வருவதைக் கண்டால் கதை முற்றிலும் வேறு. “கொக்-கொக்-கொக்-கொக்கேக்!” என்று உரத்து, வெட்டி வெட்டி, திரும்பத் திரும்பக் கத்தும். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். ஊரே கேட்கும். “உன்னைக் கண்டுவிட்டேன்” என்று வந்த எதிரிக்கே அறிவிக்கிற சத்தம் இது. பதுங்கி வருகிற விலங்குக்குத் தன்னைக் கண்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் வேட்டை பாதி கெட்டுவிடும்.

இரண்டு சத்தங்களும் வெறும் பயத்தின் கூடுதல் குறைவு அல்ல, வெவ்வேறு பொருள் கொண்டவை என்பதைக் கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீற்றர் மார்ளர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பருந்தும் இல்லை, விலங்கும் இல்லை. பதிவுசெய்த சத்தத்தை மட்டும் பேடுகளுக்குப் போட்டார்கள். வான்சத்தத்தைக் கேட்ட பேடுகள் மறைவுக்கு ஓடி மேலே பார்த்தன. நிலச்சத்தத்தைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தன. சத்தத்துக்குள்ளேயே செய்தி இருக்கிறது.

மார்ளரும் அவரோடு வேலைசெய்தவர்களும் இன்னொன்றையும் கண்டார்கள். பேடு பக்கத்தில் நிற்கும்போது சேவல் பருந்துச் சத்தத்தைக் கூடுதலாகக் கொடுக்கிறது, தனியே நிற்கும்போது குறைவாகக் கொடுக்கிறது. சேவலைக் கூட்டத்தில் இருந்து பிரித்துக் கட்டிவைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். காவலுக்கு என்று வைத்திருக்கும் சேவலைப் பேடுகளோடு விடுவதுதான் பொருத்தம்.

இனி, கேட்டதும் செய்யவேண்டியது. மெல்லிய சீழ்க்கையும் அதற்குப் பின் அமைதியும் என்றால் வெளியே வந்து முதலில் மேலே பாருங்கள், கையைத் தட்டுங்கள், உரத்துக் கூப்பிடுங்கள். மனிதர் வெளியே நின்றால் பிராந்து இறங்கத் தயங்கும். குஞ்சுகள் உள்ள காலத்தில் காகமும் இதே கணக்கில்தான். வெறும் முற்றத்தில் கோழிக்கு ஒதுங்க இடம் இருக்காது. நாலு தடியை நட்டுப் பழைய கிடுகைத் தாழ்வாகப் போட்டுவிட்டால் போதும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடுவதற்கு ஓரிடம் இருக்கும். இது இல்லாத வளவில் சேவல் எவ்வளவு எச்சரித்தும் பயனில்லை.

உரத்த வெட்டுச் சத்தம் என்றால் கத்துகிற கோழியிடம் ஓடாதீர்கள். அது எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குத் தடியோடு போங்கள். பல கோழிகள் ஒரே இடத்தைப் பார்த்தபடி, கிட்டப் போகாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு விடாமல் கத்தினால் பாம்பாக இருக்கலாம். கிடுகு அடுக்கு, விறகுக் குவியல், கல்லிடுக்கு ஆகியவற்றில் கையை விடவேண்டாம். அணிலும் மைனாவும் சேர்ந்து கத்துகின்றனவா என்றும் கேளுங்கள். மூன்று இனமும் ஒரே பக்கத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஆபத்து போன பிறகும் இந்தக் கொக்கரிப்பு கன நேரம் நீளும். அதனால் சத்தம் நிற்கவில்லை என்பதால் கீரி இன்னும் நிற்கிறது என்று முடிவெடுக்கத் தேவையில்லை. கழுத்துகள் தாழ்ந்து, ஒன்று இரண்டு கிளறத் தொடங்கினால் முடிந்தது. இளஞ்சேவல்களும் விடைக்கோழிகளும் கொக்குக்கும் கடதாசிப் பைக்கும்கூட எச்சரிக்கும். வயது போகப் போக அது குறையும். அதுவரை ஒவ்வொரு தடவையும் எழும்பிப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

இவை இரண்டுக்கும் வெளியே ஒரு சத்தம் உண்டு. பிடிபட்ட கோழியின் நீண்ட அலறல். அதை ஒருமுறை கேட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. செருப்பைத் தேடாமல் ஓடுங்கள்.

நாலாவது: தீன் கண்ட சத்தம்

சேவல் ஒரு புழுவைக் கண்டால் “குக்-குக்-குக்-குக்” என்று வேகமாகச் சொல்லும். தலையைத் தாழ்த்தி, புழுவை எடுத்துப் போட்டு, திரும்ப எடுக்கும். பேடு ஓடிவந்து அதைத் தின்னும். தீன் எவ்வளவு விருப்பமானதோ அவ்வளவுக்குச் சத்தம் கூடும் என்பதை 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. சில நேரம் தீன் எதுவும் இல்லாமலும் சேவல் இப்படிக் கூப்பிடும், பேட்டைக் கிட்ட எடுப்பதற்காக.

இந்தச் சத்தத்துக்கு வீட்டில் ஒரு பயன் உண்டு. புதிய தீன் போடும்போது சேவல் கூப்பிடுகிறதா என்று கேளுங்கள். பூஞ்சணம் பிடித்த தவிட்டுக்கோ புளித்த சோற்றுக்கோ அது உற்சாகமாகக் கூப்பிடாமல் நின்றால் தீனை மணந்து பாருங்கள். கோழி மறுக்கிற தீனை நானும் போடமாட்டேன்.

ஐந்தாவது: முட்டை இடும் முன்னும் பின்னும்

முட்டை இட்ட பிறகு பேடு கேறுவது எல்லாருக்கும் தெரியும். “கொக்-கொக்-கொக்-கொக்கேஏஏக்” என்று கடைசி அசை உயர்ந்து நீளும். ஏன் இப்படிக் கேறுகிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர்களிடம் ஒரே பதில் இல்லை. கூட்டத்தை விட்டுத் தனியே போய் இட்ட பேடு, சேவலையும் கூட்டத்தையும் திரும்பத் தேடும் குரல் என்பது ஒரு விளக்கம். வளவில் பார்த்தால் இது பொருந்தி வருகிறது: பேடு கேறும், சேவலும் பதிலுக்குக் கொக்கரிக்கும், பல வேளைகளில் ஓடிப்போய் அதைக் கூட்டிக்கொண்டும் வரும்.

ஆனால் முட்டையைத் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெறுமதியானது இடுவதற்கு முன் வரும் சத்தம். பேடு ஒரு நிலையில் நிற்காமல், மூலை மூலையாகத் தலையை விட்டுப் பார்த்து, அனுங்குவதுபோல நீளமாக ஒன்று இழுத்து, அதன் பின்னால் கட்டையாக நாலைந்து சத்தம் போடும்: “கோஓஓஓ… கொ-கொ-கொ.” இடத்தில் திருப்தி வந்ததும் அமைதியாகிவிடும். கேறல் தொடங்கும்போது அது முட்டையை விட்டு விலகி வந்திருக்கும், சில பேடுகள் நன்றாகத் தள்ளி ஓடிவந்துதான் கேறும். எனவே கேறும் இடத்தில் முட்டையைத் தேடினால் கிடைக்காது. அனுங்கல் கேட்டால் அப்போதே தூர நின்று பின்தொடருங்கள். வைக்கோல் போர், கிடுகு அடுக்கு, பாவிக்காத கடகம், வாழைப்புதர், வேலிக்கு அந்தப் பக்கம் என்று எங்கே போனாலும் தெரிந்துவிடும். “அக்கா, உங்கடை பேடு எங்கடை வைக்கல் போருக்கை போகுது” என்று அயலிலிருந்து குரல் வருமுன் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அனுங்கல் நிற்காமல், மணிக்கணக்கில், பல கோழிகளிடம் இருந்து வந்தால் அது வேறு செய்தி. தீன், தண்ணீர், முட்டை இடும் இடம், மண் குளிக்க இடம் என்று தேவையான ஏதோ ஒன்று தடைபட்டிருக்கிறது. நெதர்லாந்தில் கூண்டுக் கோழிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், தீன் தெரிந்தும் கிடைக்காமல் தடுக்கப்பட்ட பேடுகள் இதே நீண்ட அனுங்கலைக் கூடுதலாகப் போட்டன. சித்திரை வெயிலில் கூட்டுக்குள் அடைத்து வைத்த கோழிகள் இப்படி அனுங்கினால் முதலில் தண்ணீர்ச் சட்டியைப் பாருங்கள். நான்கு பேட்டுக்கு ஒரு முட்டைப் பெட்டி என்ற கணக்கில் பல பெட்டிகள் இருந்தும் எல்லாம் ஒரே பெட்டியில்தான் இடும் என்று அடம்பிடிப்பதாலும் இந்தச் சத்தம் வரும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். ஒன்று எழும்ப மற்றது ஏறும்.

பேடு திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் போய், முக்கி முனகி, வாலை இறக்கி, முட்டை வராமலே நின்றால் முட்டை அடைபட்டிருக்கலாம். ஒரு நாள் பார்ப்போம் என்று விடவேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டிய விடயம் அது.

ஆறாவது: அடைக்கோழியும் குஞ்சும்

அடைக்கு வந்த பேட்டைச் சத்தத்தாலேயே தெரியும். வழக்கமான முணுமுணுப்பு மறைந்து, நடக்கும்போதெல்லாம் “க்ளக்… க்ளக்… க்ளக்” என்று ஒரே தாளத்தில் போகும். பெட்டிக்குள் கையை விட்டால் இறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமி, கடைசியில் கொத்தும். இது கோபம்தான், நோய் அல்ல. நல்ல அடைக்கோழிக்கு இந்த உறுமல் இருக்கவேண்டும் என்றே சொல்லுவேன், குஞ்சைக் காகத்திடம் இருந்து காப்பது அதே குணம்தான்.

முட்டை பொரிக்க 21 நாள். அதற்கு ஒரு நாள் முன்னதாகக் குஞ்சு முட்டைக்குள் உள்ள காற்றறையைக் குத்தி மூச்செடுக்கத் தொடங்கும். அப்போதிருந்து ஓட்டுக்குள் இருந்தே கீச்சிடும். முட்டையைக் காதோடு வைத்தால் மெல்லிய கீச்சும் தட்டலும் கேட்கும். தாயும் பதிலுக்குத் தாழ்ந்த குரலில் க்ளக் என்று சொல்லும். இந்தக் கடைசி நாள்களில் பேட்டைத் தூக்கிப் பார்த்துக் குழப்பாதீர்கள். ஓட்டில் முதல் துளை விழுந்தபின் வெளியே வர ஒரு நாள்வரை எடுக்கலாம். உள்ளே இருந்து சத்தம் வந்துகொண்டிருந்தால் குஞ்சு உயிரோடு இருக்கிறது, ஓட்டை உடைத்து உதவப் போகவேண்டாம். அவசரத்தில் உடைத்தால் இரத்தக் குழாய் கிழிந்துவிடும்.

பொரித்த குஞ்சின் சத்தத்தை இரண்டாகப் பிரிப்பது இலகு. நிக்கலஸ் கொலியாஸ், மார்ட்டின் ஜூஸ் இருவரும் 1953இல் ஒலிவரைபடம் எடுத்து இதைக் காட்டினார்கள். சுகமாக இருக்கும் குஞ்சின் சத்தம் கட்டையானது, மெல்லியது, ஒவ்வொரு கீச்சும் மேல்நோக்கி ஏறும். துன்பப்படும் குஞ்சின் சத்தம் உரத்தது, நீண்டது, மேலே தொடங்கிக் கீழே இறங்கும். ஒருமுறை இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் காது பிடித்துவிட்டால், எத்தனை குஞ்சு நின்றாலும் எது தாயைத் தவறவிட்டது என்று தெரிந்துவிடும்.

தாய்க்கோழி குஞ்சைக் காப்பாற்றுவது கண்ணால் அல்ல, காதால். 1930களில் ஜெர்மனியில் செய்த ஒரு பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் குஞ்சு தவிப்பதைத் தாய் நேரே பார்த்தும், சத்தம் வெளியே வராததால் பொருட்படுத்தாமல் போனது. மறைப்புக்குப் பின்னால் காணமுடியாத குஞ்சு கத்தியபோது ஓடிவந்தது. ஆகவே ஆழமான வாய்க்காலுக்குள்ளோ கவிழ்ந்த வாளிக்குள்ளோ குஞ்சு விழுந்து, களைத்துக் குரல் அடங்கிவிட்டால், தாய் மிச்சக் குஞ்சுகளோடு நடையைக் கட்டிவிடும். அதைத் தாயின் குற்றமாக எடுக்கவேண்டாம். பொழுதுபடக் குஞ்சுகளை எண்ணி அடைப்பது உங்கள் வேலை.

தாய் இல்லாமல் பெட்டியில் மின்குமிழ் போட்டு வளர்க்கிறவர்களுக்கு வெப்பமானியைவிட நல்ல அளவுகோல் குஞ்சின் சத்தம்தான். முதல் கிழமைக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும் என்பது கணக்கு. எல்லாம் குமிழடியில் நெருங்கி உரத்துக் கத்தினால் குளிர். ஓரங்களில் சிதறி, இறகை விரித்து, வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் நின்றால் சூடு. இங்கேயும் அமைதிதான் ஆபத்து. பரவலாகப் படுத்து, மெல்ல மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் சரியான அளவு. மார்கழி, தையில் விடியப்புறம் பனி இறங்கும்போது இதை எழும்பிக் கேட்கவேண்டும்.

குஞ்சுகளோடு மேயும் தாயின் தீன் அழைப்பு, சேவலுடையதைப் போலத்தான், ஆனால் அதில் கற்பித்தலும் இருக்கிறது. கிறிஸ்டீன் நிக்கொல், ஸ்டூவர்ட் போப் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தான் கூடாது என்று பழகிய தீனைக் குஞ்சுகள் தின்பதாகத் தாய்க்குத் தோன்றியபோது, அது நல்ல தீனைக் கூடுதலாகக் கொத்தியும் கிளறியும் காட்டியது. குஞ்சுக்குத் தீன் பழக்கத் தாயைவிட நல்ல ஆள் இல்லை. ஒன்றரை, இரண்டு மாதத்தில் அந்த க்ளக் சத்தம் குறைந்து, தாய் குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கும். பழைய முணுமுணுப்பு திரும்பினால் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிறது.

ஏழாவது: கூவல்

இதில் நீளமாக எழுத ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் கண்டு சேவல் கூவுவதாகத்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா இருவரும் 2013இல், மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்த சேவல்களும் தம் உடற்கடிகாரப்படி விடியலுக்கு முன்பே கூவுவதைக் காட்டினார்கள். 2015இல் இன்னொன்று: கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தரவரிசைப்படி பின்தொடரும். வழக்கமாக முதலில் கூவும் உங்கள் சேவல் சில நாளாகப் பின்னுக்குப் போனால், ஒன்றில் இளையது அதை வென்றுவிட்டது, அல்லது அதற்கு உடம்பு சரியில்லை. இரண்டுமே பார்க்கவேண்டியவை. நடுச்சாமத்தில் தெருவிளக்கும் வாகன வெளிச்சமும் பட்டுக் கூவுவதும் உண்டு, கூட்டின் அந்தப் பக்கத்தைச் சாக்கால் மறைத்துவிட்டால் அயலவர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எட்டாவது: இரவில் கூட்டடியில் காது கொடுப்பது

நோய்ச் சத்தத்தைப் பகலில் பிடிப்பது கடினம். கோழி தன் நோயை மறைக்கும், சுற்றுச் சத்தமும் அதை விழுங்கும். எல்லாம் குந்தில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆனபின், விளக்கைப் போடாமல், கூட்டுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சுகமான கூட்டத்தில் உறங்குமுன் ஒரு மெல்லிய உருளல் சத்தம் வரும், பிறகு மூச்சுக்கூடக் கேட்காது. தும்மல், கரகரப்பு, குமிழி உடைவதுபோன்ற சத்தம், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விசில்: இவற்றில் எது கேட்டாலும் காலையில் அந்தக் கோழியைத் தனியே பிரியுங்கள்.

பிரித்தபின் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், சத்தத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. மூக்குநீர் நாறி, முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தால் தொற்றுச் சளி. வாய்க்குள் மஞ்சள் படலமும் கொண்டையில் புண்ணும் இருந்தால் கோழி அம்மை. நுளம்பால் பரவுவதால் மாரி மழைக்குப் பின் இதைக் கூடுதலாக எதிர்பாருங்கள். குஞ்சுகள் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து பிளந்து மூச்செடுத்தால் மூச்சுக்குழாய்ப் புழு இருக்கலாம். மூச்சுத்திணறலோடு பச்சைக் கழிச்சலும், கழுத்துத் திருகலும், அடுத்தடுத்துச் சாவும் வந்தால் ரானிக்கெற் என்ற வைரசு நோய். அது வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். பல கோழிகள் ஒரேயடியாகச் செத்தால் செத்ததைக் கையால் தொடாமல், இறைச்சிக்கும் எடுக்காமல், உடனே அங்கே அறிவியுங்கள்.

மத்தியானத்தில் வாயைத் திறந்து சிறகை விரித்து வேகமாக மூச்செடுப்பது மட்டும் வேறு. கோழிக்கு வியர்வை இல்லை, இப்படித்தான் சூட்டை ஆற்றும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள். பொழுதுபட்டுக் குளிர்ந்த பிறகும் நிற்காவிட்டால் அது நோய்.

கடைசியாக: உங்கள் சத்தத்தையும் அதற்குப் பழக்குங்கள்

கேட்கப் பழகியதோடு ஒரு சத்தத்தை நீங்களும் கொடுக்கலாம். “பா, பா, பா” என்றோ, சிரட்டையில் தட்டியோ, எதையாவது ஒன்றைத் தெரிந்தெடுங்கள். வீட்டில் எல்லாரும் அதையே பாவிக்கவேண்டும். விருப்பமான தீனை, ஊறவைத்த நெல்லோ தேங்காய்ப்பூவோ, கையில் வைத்து, அந்தச் சத்தத்தைக் கொடுத்த பிறகு போடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், பொழுதுபட முன். சத்தம் முதலில், தீன் பிறகு, இந்த ஒழுங்கு மாறக்கூடாது. கொஞ்ச நாளில் பக்கத்து வளவில் நின்றாலும் ஓடிவரும். மழை இருட்டி வரும்போது, தெருநாய் உள்ளிட்டுவிட்டபோது, ஒரு கூப்பிடலில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்.

அந்தச் சத்தத்தைக் கொடுத்து ஒருநாளும் கோழியைப் பிடிக்காதீர்கள். மருந்து பருக்கவோ, விற்கவோ, கறிக்கோ பிடிக்கவேண்டி வந்தால், இருட்டியபின் குந்தில் இருந்து சத்தமில்லாமல் தூக்குங்கள்.